எண்பத்தேழாவது வரி

தங்கை: ...லிஃப்ட் ரிப்பேர்னு கீழ வாட்ச்மேன் சொல்லலையா? நாலு மாடி ஏறி வந்திருக்கீங்களே!

வந்தவர்: சொன்னாரு. பரவாயில்லம்மா.

தங்கை: லிஃப்ட் ஓடினா எங்க அக்கா குரலைக் கேட்டுக்கிட்டே வந்திருக்கலாம். 'கதவு மூடுகிறது. கைகளை உள்ளே வைத்துக்கொள்ளவும்.' அது இவதான்.

குரல்காரி: ஏய், போதும். சாருக்கு முதல்ல தண்ணி குடு.

தங்கை: பேங்குக்குப் போன் பண்ணா அரை மணி நேரம் காக்க வைப்பாளே ஒருத்தி, 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது'ன்னு... அதுவும் இவதான். ஊர்ல பாதிப் பேர் திட்டுறது இவளைத்தான் சார்.

வந்தவர்: தெரியும்மா. அந்தக் குரலைத் தேடித்தான் வந்தேன்.

குரல்காரி: புது லிஃப்டா சார்?

வந்தவர்: இல்ல... இது இன்னும் கொஞ்சம் மேல போறது.

குரல்காரி: மேலன்னா?

வந்தவர்: போர் விமானம். நாலு வருஷத்துக்கு முன்னாடி எண்பத்தேழு வரி பேசிக் குடுத்தீங்க. 'எரிபொருள் குறைவு', 'உயரம் குறைவு'...

குரல்காரி: நான் அப்படி எதுவும் பேசினதில்ல சார். ஆள் மாறி வந்துட்டீங்க.

தங்கை: ஏய், பேசினியே! அந்த வெளிநாட்டுக்காரன் கூட சாக்லேட் பெட்டி...

குரல்காரி: நீ சும்மா இருடி!

வந்தவர்: பயப்படாதீங்கம்மா. வெளிய சொல்லமாட்டேன்னு உங்ககிட்ட எழுதி வாங்கினாங்க. அந்தக் காகிதத்தை நான் பார்த்திருக்கேன்.

குரல்காரி: பார்த்துட்டு வந்து வாயைப் பிடுங்குறீங்களா? நீங்க யாரு?

வந்தவர்: விமானப்படையில ஒரு விசாரணை நடக்குது. அதுல எழுத்தர் நான். ஃபைல் தூக்குற ஆள்.

தங்கை: எழுத்தரா? உங்க ஷூவுல என் மூஞ்சி தெரியுது சார். எழுத்தருக்கு யாரு சார் இப்படிப் பளபளன்னு துடைச்சுக் குடுக்குறா?

வந்தவர்: நானே துடைச்சுக்குவேன்மா. பழக்கம்.

குரல்காரி: எதுக்கு விசாரணை?

வந்தவர்: போன மாசம் ஒரு விமானம் கடல்ல விழுந்துச்சு.

தங்கை: அய்யோ, டிவியில காட்டினாங்களே! ரேடார்ல தெரியாத விமானம். ஓட்டுனது ஒரு பொண்ணு...

வந்தவர்: ஆமா.

குரல்காரி: அந்தப் பொண்ணு...

வந்தவர்: இருக்கா. விழுறதுக்கு முன்னாடி குதிச்சுட்டா. மூணு மணி நேரம் தண்ணியில கிடந்தா. இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு. உயிருக்கு ஒண்ணுமில்ல.

குரல்காரி: நல்லவேளை.

வந்தவர்: அதுதான் இப்போ தப்பாயிடுச்சு. யாரும் சுடலை, நல்லா இருந்த விமானத்தைப் பயந்து போய் விட்டுட்டுக் குதிச்சுட்டாங்கிறாங்க. நாளைக்குக் காலையில தீர்ப்பு. வேலை போகும். ஜெயில்கூட இருக்கலாம்.

தங்கை: ஏன் குதிச்சாளாம்?

வந்தவர்: எச்சரிக்கை கேட்டுச்சுங்கிறா. 'பார்த்துவிட்டார்கள்'னு. திரும்பிப் பார்த்தேன், வால்பக்கம் ஏவுகணையோட வெள்ளைக் கோடு வந்துக்கிட்டிருந்துச்சு, குதிச்சேன்... அவ்வளவுதான் சொல்றா. எத்தனை தடவை கேட்டாலும் அதே. என்னம்மா, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கிறீங்க?

குரல்காரி: ஒண்ணுமில்ல. ஃபேன் காத்து.

வந்தவர்: அந்த வரி உங்களுக்கு ஞாபகம் இருக்கு.

குரல்காரி: ...எண்பத்தேழாவது வரி. கடைசி வரி. 'கவனம். பார்த்துவிட்டார்கள்.' பதினேழு தடவை சொல்ல வச்சாங்க. பதட்டமே இருக்கக் கூடாதுன்னாங்க. மேஜை மேல சாவி இருக்குன்னு சொல்ற மாதிரி சொல்லணுமாம்.

தங்கை: அன்னைக்கு வந்து நீ சாப்பிடலை. கேட்டதுக்குத் தொண்டை வலின்னே.

குரல்காரி: சொல்லும்போதெல்லாம் முதுகு சில்லுனு இருந்துச்சுடி. யாரைப் பார்த்தாங்க, யார் பார்த்தாங்க... ஒண்ணும் தெரியாம சொல்லிக்கிட்டே இருக்கணும்.

வந்தவர்: அப்புறம்?

குரல்காரி: மூணு வாரம் கழிச்சு வந்தாங்க. அந்த ஒரு வரி வேணாம், வெட்டிட்டோம்னாங்க. அப்படி ஒரு வரி பேசினதாவே இருக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டுப் போனாங்க. அப்படின்னா... அது விமானத்துலயே இல்லையே சார்.

வந்தவர்: இல்லைன்னுதான் விக்கிற கம்பெனியும் சொல்லுது. நீங்க வாங்கின விமானத்துல அப்படி ஒரு எச்சரிக்கையே கிடையாது, பைலட்டுக்குப் புத்தி பேதலிச்சிருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்க.

தங்கை: அப்போ அந்தப் பொண்ணு பொய்யா சொல்லுது?

வந்தவர்: டேப் இருக்கும்மா.

குரல்காரி: டேப்பா?

வந்தவர்: அவ குதிச்ச சீட்டோட ஒட்டி ஒரு சின்னப் பெட்டி இருக்கும். ஹெல்மெட் மைக்ல விழுறதெல்லாம் அதுல பதிவாகும். அதுல அந்தக் குரல் இருக்கு. இரைச்சல்ல பாதி அடிபட்டுப் போயிருக்கு... ஆனா இருக்கு.

தங்கை: சார், எனக்குக் கையெல்லாம் புல்லரிக்குது.

வந்தவர்: நீங்க ஒரு தடவை கேக்கணும். கேட்டுட்டு, இது என் குரல்தான்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். கம்பெனிக்காரன் வெட்டினதாச் சொன்ன வரியை மறந்துபோய் உள்ள விட்டுட்டான்னு ஆயிடும். அந்தப் பொண்ணு தப்பிச்சுடுவா.

குரல்காரி: குடுங்க. இங்க வேணாம், ரோட்டுச் சத்தம் வரும். அலமாரிக்குள்ள வாங்க.

வந்தவர்: அலமாரியா?

தங்கை: அதுதான் சார் இவ ஸ்டூடியோ. துணி தொங்கவிட்ட அலமாரி. உள்ள ஸ்டூல், மைக், ஹெட்போன். எதிரொலி வராதாம். என் புடவையெல்லாம் அங்கதான் தொங்குது, எடுக்கணும்னா ரெக்கார்டிங் முடியணும்.

குரல்காரி: குனிஞ்சு வாங்க சார். தலை இடிக்கும்.

தங்கை: அக்கா, அறிமுகம் இல்லாத ஆம்பளையோட அலமாரிக்குள்ள உக்காந்திருக்கே. எதிர் வீட்டு மாமி வந்தா நான் என்ன சொல்லட்டும்?

குரல்காரி: பல் தேய்க்கிற விளம்பரம்னு சொல்லு. ஃபேனை நிறுத்து. போய் டீ போடு.

தங்கை: சரி, சரி... கதவைச் சாத்தறேன்.

வந்தவர்: இருட்டா இருக்கே.

குரல்காரி: பழகிடும். இருட்டுல காது நல்லாக் கேக்கும். போடுங்க.

வந்தவர்: மொத்தமே பத்தொன்பது வினாடிதான்.

குரல்காரி: ம்.

வந்தவர்: இதோ, ஓடுது... கேட்டுச்சா?

குரல்காரி: இன்னொரு தடவை.

வந்தவர்: இந்தாங்க...

குரல்காரி: இன்னொரு தடவை போடுங்க சார்.

வந்தவர்: மூணாவது தடவையா? என்னம்மா சந்தேகம்?

குரல்காரி: போடுங்கன்னேன்ல.

வந்தவர்: சரி, போட்டாச்சு...

குரல்காரி: ...போதும். நிறுத்திடுங்க.

வந்தவர்: சொல்லுங்கம்மா.

குரல்காரி: என் வரிதான் சார்.

வந்தவர்: அப்பாடா... இந்தாங்க, காகிதம் ரெடியா இருக்கு. இங்க ஒரு கையெழுத்து.

குரல்காரி: அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கணும். ஏன் வெட்டினாங்க?

வந்தவர்: எதை?

குரல்காரி: அந்த வரியை. மத்த எண்பத்தாறும் இருக்கும்போது அது மட்டும் ஏன்? நாலு வருஷமா மனசுல கிடந்து உறுத்துது. இந்த அலமாரிக்குள்ள நம்ம ரெண்டு பேரைத் தவிர யாரும் இல்ல. சொல்லுங்க.

வந்தவர்: எழுத்தருக்கு அதெல்லாம் எப்படிம்மா...

குரல்காரி: எழுத்தர் இல்ல நீங்க. உக்கார்ற விதத்துலயே தெரியுது. இருட்டுல கூட குரல் நிமிர்ந்தே வருது, முதுகு வளையல. கையெழுத்து வேணுமா வேணாமா?

வந்தவர்: ...வெளிநாட்டுக்கு விக்கிற விமானம் முழு விமானம் இல்லம்மா. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒரே பேரு. ஆனா அவன் தன் படைக்கு வச்சுக்கிறது ஒண்ணு, நமக்குக் குடுக்குறது ஒண்ணு. சில பெட்டிகளுக்குச் சீல் வச்சிருப்பான். தொட்டா ஒப்பந்தம் ரத்து. ரிப்பேர்னாலும் அவன் ஆள்தான் வந்து திறக்கணும். நம்ம ஆளுங்க வெளிய நின்னு சுவரைப் பார்க்கணும்.

குரல்காரி: காசு குடுத்து வாங்கிட்டு?

வந்தவர்: இதை விக்கிறவங்க உலகத்துல விரல் விட்டு எண்ணுற அளவுதான். வாங்க வரிசையில நிக்கிறவங்க ஏகப்பட்ட பேர். ஏன்னு கேட்டா அடுத்தவனைக் கூப்பிடுவான்.

குரல்காரி: அந்த வரி...

வந்தவர்: யாராவது ரேடாரால நம்மளைக் கண்டுபிடிச்சுட்டா, அதை உணர்ற கருவி ஒண்ணு. அதுக்கான குரல்தான் எண்பத்தேழாவது வரி. கடைசி நேரத்துல அந்தக் கருவியைக் குடுக்கமாட்டோம்னுட்டாங்க. கருவி இல்லைன்னா குரல் எதுக்கு? வெட்டிட்டாங்க.

குரல்காரி: ஏன்னு கேக்கலையா நம்ம ஆளுங்க?

வந்தவர்: ஒருத்தர் கேட்டார். கம்பெனி சார்பா பேச வந்தவன் சிரிச்சான். எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருப்பான். 'சார், இது யார் கண்ணுக்கும் தெரியாத விமானம். தெரியாததைப் பார்த்துட்டாங்கன்னு எதுக்கு ஒரு எச்சரிக்கை? உங்க பைலட்டுங்களுக்கு நம்பிக்கை போயிடாதா?'ன்னான்.

குரல்காரி: கேட்டவர்?

வந்தவர்: சரிதானேன்னு தலையாட்டினார்.

குரல்காரி: பைலட்டுங்ககிட்ட சொன்னாரா?

வந்தவர்: சொல்லல. அவங்களுக்கு அப்படி ஒரு கருவி இருந்ததே தெரியாது.

குரல்காரி: அடப்பாவி.

வந்தவர்: இன்னொண்ணும் இருக்கு. விமானக் கண்காட்சி நடக்கும்மா. பெரிய மைதானம், நாடு நாடா வருவாங்க. நமக்கு அந்த விமானத்தைக் காட்டின அரங்கத்துக்குப் பின்னாடி ஒரு திரை தொங்குச்சு. கழிப்பறை தேடிப் போனப்போ அவர் அந்தத் திரையை விலக்கிப் பார்த்திருக்கார். அந்தப் பக்கம் அதே கம்பெனியோட இன்னொரு அரங்கம். புது வகை ரேடார். 'மறைந்து வருவதையும் காணும் கண்'னு பெரிசா எழுதிப் போட்டிருக்கு. அங்க நாற்காலியில உக்காந்து காபி குடிச்சுக்கிட்டிருந்தது... பக்கத்து நாட்டுக் குழு.

குரல்காரி: ஒரே கம்பெனியா?

வந்தவர்: ஒரே கம்பெனி. அதே சிரிப்பு. நமக்கு ஒளிஞ்சுக்க வித்தான். அவங்களுக்குக் கண்டுபிடிக்க வித்தான்.

குரல்காரி: தெரிஞ்சும் வாங்கினாரா அந்த மனுஷன்?

வந்தவர்: நாலு வருஷப் பேச்சுவார்த்தை. மந்திரி தேதி குறிச்சாச்சு. பூமாலை, பத்திரிகைக்காரங்க, எல்லாம் தயார். அந்த நேரத்துல திரைக்குப் பின்னாடி இதைப் பார்த்தேன்னு சொன்னா யாரு கேப்பா...

குரல்காரி: 'பார்த்தேன்'? நீங்கதானா சார் அது?

வந்தவர்: கொள்முதல் குழுவுக்கு நான்தான் தலைவர். அந்த வரியை வெட்டின காகிதத்துல இருக்குறது என் கையெழுத்து.

தங்கை: அக்கா! டீ ஆறுது! உள்ள உயிரோட இருக்கீங்களா ரெண்டு பேரும்?

குரல்காரி: அஞ்சு நிமிஷம்டி! கதவைத் திறக்காத!

தங்கை: ரொம்ப நல்லாருக்கு!

குரல்காரி: ...சார், அப்போ நான் கையெழுத்துப் போட்டா யாரு தப்பிக்கிறது? அந்தப் பொண்ணா, நீங்களா?

வந்தவர்: அவதான்மா. என்னை நம்புங்க. என்னைப் பத்தி எனக்குக் கவலையில்ல.

குரல்காரி: கவலையில்லாதவரா பொய் வேலை சொல்லிக்கிட்டு வந்தீங்க? கருவி தவறுதலா உள்ள இருந்துச்சுன்னு ஆனா என்ன நடக்கும்? சரி, விமானம் நல்ல விமானம், எச்சரிக்கை எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதுன்னு எழுதுவாங்க. இன்னும் எத்தனை இருக்கு அந்த மாதிரி?

வந்தவர்: பதினொண்ணு.

குரல்காரி: பதினொரு பிள்ளைங்க. யார் கண்ணுக்கும் தெரியலைன்னு நினைச்சுக்கிட்டு மேல சுத்திக்கிட்டிருக்கும். பின்னாடி வர்றதைச் சொல்ல ஆள் கிடையாது.

வந்தவர்: எனக்கு அது தெரியாதாம்மா? ஒரு மாசமா கண்ணை மூடினா அந்தப் பதினொரு மூஞ்சிதான். ஆனா முதல்ல அவ வெளிய வரட்டும்...

குரல்காரி: அவ, அவங்கிறீங்க. இடுப்பெலும்பு முறிஞ்சதைச் சொல்லும்போது உங்க குரல் உடைஞ்சுது. முப்பது வருஷமா குரலை வச்சுத்தான் சோறு திங்கிறேன் சார். யாரு அவ உங்களுக்கு?

வந்தவர்: ...என் பொண்ணு. ஒரே பொண்ணு. இந்த விமானத்துக்குப் பைலட் தேர்வு பண்ணப்போ முதல் ஆளா வந்தா. எல்லாருக்கும் லட்டு வாங்கிக் குடுத்தேன். அன்னைக்காவது சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. 'நீ வாங்கிக் குடுத்த விமானம்ப்பா'ன்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டா. எப்படிச் சொல்லுவேன்?

குரல்காரி: இப்போ தெரியுமா அவளுக்கு?

வந்தவர்: தெரியாது. ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நீ நம்புறியாப்பா, நான் நிஜமாவே கேட்டேன்ப்பா'ங்கிறா. நம்புறேன்மாங்கிறேன். வேற என்ன சொல்ல?

குரல்காரி: வேற சொல்ல இருக்கு சார். உங்ககிட்டதான் இருக்கு.

வந்தவர்: என்ன?

குரல்காரி: ஏவுகணையே வரல, அவளாக் குதிச்சாங்கிறாங்கல்ல? ஏன் வரலைங்கிறாங்க?

வந்தவர்: விமானத்தை யாராலயும் பார்க்கவே முடியாதே, எப்படிச் சுட முடியும்ங்கிறாங்க. பக்கத்து நாடும் சுடலைங்குது. உடைஞ்சதெல்லாம் கடலுக்கு அடியில.

குரல்காரி: பார்க்க முடியும்னு உங்களுக்குத் தெரியும். திரைக்குப் பின்னாடி நின்னு பார்த்த ஒரே சாட்சி நீங்க. அதை நாளைக்குப் போய்ச் சொன்னா அவ தப்பிக்க மாட்டாளா?

வந்தவர்: ...தப்பிப்பா.

குரல்காரி: பதினொரு பேரும் இறங்கிடுவாங்கல்ல?

வந்தவர்: இறக்கித்தான் ஆகணும். ...நான் ஜெயிலுக்குப் போவேன்.

குரல்காரி: நானும்தான் வாயை மூடிக்கிட்டிருந்தேன். எழுதிக் குடுத்ததை மீறினா கம்பெனிக்காரன் என்னையும் கோர்ட்டுக்கு இழுப்பான். இழுக்கட்டும். அந்தக் காகிதத்தைக் குடுங்க.

வந்தவர்: என்ன பண்றீங்க? அய்யோ, கிழிக்காதீங்க...

குரல்காரி: இந்த வெத்துத் தாள்ல என் கையால எழுதறேன், இருட்டுல எழுதிப் பழக்கம். 'எண்பத்தேழாவது வரியை நான் பேசினேன். மூன்று வாரம் கழித்து அதை வெட்டினார்கள். வெளியே சொல்லக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள்.' தேதி போட்டாச்சு. கையெழுத்தும் போட்டாச்சு. கீழ பாதிக் காகிதம் காலியா இருக்கு. பேனா இந்தாங்க.

வந்தவர்: எழுத வெளிச்சம் இல்லையேம்மா.

குரல்காரி: கதவைத் திறந்துடறேன். ஏய், டீயை மேஜை மேல வை. சாரைத் தொந்தரவு பண்ணாத.

தங்கை: அவர் ஏன் அழுறாரு?

குரல்காரி: டீயை வைடி.

தங்கை: நீ ஏன் அழுற?

குரல்காரி: உன் புடவையில பாச்சா உருண்டை நெடி. போ, கடைக்குப் போய் பால் வாங்கிட்டு வா. போயேன்.

தங்கை: போறேன், போறேன்... சார், டீயைக் குடிச்சுடுங்க. சர்க்கரை தூக்கலாத்தான் போட்டிருக்கேன்.

குரல்காரி: எழுதிட்டீங்களா?

வந்தவர்: எழுதிட்டேன். திரையைப் பத்தி. கருவியைப் பத்தி. என் பேரு, பதவி, எல்லாம். விசாரணை அறைக்கு இதை எடுத்துக்கிட்டு நேரா போறேன். ஆஸ்பத்திரிக்கு அப்புறம்தான்.

குரல்காரி: நடுவுல மனசு மாறாதே?

வந்தவர்: மாறாது. ...வர்றேன்மா.

குரல்காரி: சார்.

வந்தவர்: ம்?

குரல்காரி: டேப்புல இருக்குற குரலைப் பத்தி நான் இதுல ஒரு வார்த்தையும் எழுதல. கவனிச்சீங்களா?

வந்தவர்: கவனிச்சேன்.

குரல்காரி: ஏன்னு கேக்கல நீங்க.

வந்தவர்: ...கேக்கல.

குரல்காரி: என் வரிதான்னு சொன்னேன். என் குரல்னு சொல்லல. அது என் குரல் இல்ல சார். முதல் தடவையே தெரிஞ்சுது. பேசுறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்குற சத்தம் இருக்கு. ரெக்கார்டிங்ல மூச்சை வெட்டி எறிஞ்சுடுவாங்க, ஒரு இடத்துல விடமாட்டாங்க. அது ரெக்கார்டிங்கே இல்ல. யாரோ அவ காதுக்குப் பக்கத்துல, சீட்டுக்குப் பின்னாடி நின்னு பேசின மாதிரி...

வந்தவர்: ஒரே சீட்டும்மா அந்த விமானத்துல. பின்னாடி இடமே கிடையாது.

குரல்காரி: நான் 'பார்த்துவிட்டார்கள்'னு சொன்னேன். டேப்புல இருக்குறது 'பாத்துட்டாங்க'. அதுக்கப்புறம் வர்றதை இரைச்சல்னு சொன்னீங்க. இரைச்சல் இல்ல சார். மூணு தடவை கேட்டேன். ஒரு பேரு. 'சிட்டுக்குட்டி, திரும்பு'ன்னு... யாரு சார் சிட்டுக்குட்டி?

வந்தவர்: என் பொண்ணைச் சின்ன வயசுல அப்படிக் கூப்பிடுவாங்க.

குரல்காரி: யாரு கூப்பிடுவாங்க?

வந்தவர்: அவ அம்மா மட்டும்தான். என் மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆச்சு... நான் சொல்லாததை அவ வந்து சொல்லிட்டுப் போயிருக்கான்னு முதல் தடவை கேட்டப்பவே எனக்கும் தெரிஞ்சுதும்மா. அது உங்க குரல்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா, வீட்டுக்குப் போய் அவ படத்தை நிமிர்ந்து பார்க்கலாமேன்னுதான் வந்தேன்.